சார்டெக்ஸ் பருப்பும் காற்றிலுள்ள தண்ணீரும்

'சார்டெக்ஸ் செய்த பருப்பு' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். மூட்டையைப் பிரித்தால் சில சமயம் கறுப்புப் பருப்பு கிடக்கிறது. வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்பார். மில்காரரைக் கேட்டால், "மிஷின் புதுசுதானே அண்ணாச்சி" என்பார். மிஷின் புதுசாக இருக்கலாம். அதற்குப் போகும் காற்று எப்படி என்று கேளுங்கள்.

நிறம் பிரிக்கும் இயந்திரத்தில் கேமரா கெட்ட பருப்பைக் கண்டதும், ஒரு சிறு வால்வு கண்சிமிட்டும் நேரத்திற்குள் திறந்து காற்றைப் பீய்ச்சி அதைத் தள்ளிவிடும். அந்தக் காற்று கம்ப்ரஸரிலிருந்து வருகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் 24 கிராம் இருப்பது சாதாரணம். 7 பார் அழுத்தத்தில் அந்தக் காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மறுபடி 30 டிகிரிக்கு ஆறும்போது நாலு கிராமைக்கூடத் தாங்காது. மீதி 20 கிராம் ஈரத்துண்டைப் பிழிந்தாற்போல் தண்ணீராகிவிடும். மணிக்கு 60 கனமீட்டர் இழுக்கும் கம்ப்ரஸரில் இது ஒரு லிட்டருக்கு மேல்!

இந்தத் தண்ணீர் எண்ணெயோடும் குழாய்த் துருவோடும் கலந்து பசையாகி வால்வில் ஒட்டும். வால்வு மந்தமானால் கறுப்பு தப்பிவிடும். அல்லது நல்ல பருப்பும் சேர்ந்து கழிவுக்குப் போகும். இரண்டும் நஷ்டம், ஆனால் முதலாவது நம் தலையில்.

தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பது முதல் வேலை. காசு செலவில்லாத வேலை. அதனாலேயே பலர் மறந்துவிடுகிறார்கள். பில்டர் போட்டாயிற்றே என்பார்கள். பில்டர் துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவிக்கு டிரையர் வேண்டும். பிரிட்ஜ் போல் வேலை செய்யும் டிரையர், காற்றை 3 டிகிரி வரை குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி வடித்துவிடும். பருப்பு மில்லுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். சிலிக்கா ஜெல், அலுமினா நிரப்பிய இன்னொரு வகை இன்னும் அதிகம் உலர்த்தும். ஆனால் அதைப் புதுப்பிக்கவே காற்றில் ஒரு பகுதி செலவாகும்.

அடுத்த முறை மில்லுக்குப் போகும்போது, டிரையர் ஓடுகிறதா, சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைப்பவர்களும் உண்டு.