கூழாலைக் கழிவுநீரில் கரைந்திருக்கும் மூலப்பொருள்

மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு லிக்னின். செல்லுலோஸ் இழைகளைப் பற்றிப் பிடித்து மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுதான். காகிதத்துக்கு வேண்டியது இழை மட்டுமே என்பதால், கூழாலையில் முதல் வேலையே லிக்னினைக் கரைத்து வெளியேற்றுவது.

உலகின் ரசாயனக் கூழில் பெரும்பகுதி கிராஃப்ட் முறையில் தயாராகிறது. மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் சுமார் 170 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். கூழை வடித்தபின் மிஞ்சும் கரிய திரவம் ‘பிளாக் லிக்கர்’. அதைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரித்தால் ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் கிடைக்கும். வேகவைக்கப் பயன்பட்ட ரசாயனங்களும் திரும்பி வரும். இதை வீணடிப்பு என்று சொல்வது நியாயமில்லை. ஆனாலும் பென்சீன் வளையங்கள் நிறைந்த ஒரு பொருளை வெறும் விறகாகவே பார்ப்பது எனக்கு உறுத்துகிறது. தாவர உலகில் அந்த வளையங்களின் மிகப் பெரிய இருப்பு லிக்னின்தான்.

பிளாக் லிக்கரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் காரத்தைக் குறைத்தால் லிக்னின் பிரிந்து படியும். ஆனால் அந்தப் பழுப்புத் தூள் சாதாரண நீரில் கரையாது. அதனுடன் சோடியம் சல்பைட்டும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்துச் சூடாக்கினால், மூலக்கூறில் சல்போனேட் தொகுதிகள் வந்து ஒட்டும். அவை நீரில் எதிர்மின்சுமை தாங்குவதால், கரையாதது கரையத் தொடங்கும். துணிச் சாயங்களின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரளாமல் காக்க இப்படி மாற்றிய லிக்னின் உதவுகிறது.

கூழ் தயாரிக்கும் இன்னொரு வழியான சல்பைட் முறை ஆலைகளில் இந்த மாற்றம் வேகவைக்கும்போதே நடந்துவிடுகிறது. அங்கே கிடைக்கும் சல்போனேட் ஏறிய லிக்னினை, அதாவது லிக்னோசல்போனேட்டைக் கட்டடத் தொழில் நெடுநாளாக அறியும். ராகி மாவைத் தண்ணீரில் கொட்டினால் கட்டிதட்டுவது போலச் சிமென்ட்டும் திரண்டு, நடுவில் நீரைச் சிறைபிடிக்கும். லிக்னோசல்போனேட் ஒவ்வொரு துகளிலும் படிந்து எதிர்மின்சுமை ஏற்றுகிறது. துகள்கள் ஒன்றையொன்று தள்ள, சிக்கிய நீர் விடுபடுகிறது. 5 முதல் 10 சதவீதம் குறைவான நீரிலேயே கான்கிரீட் அதே இளக்கத்தோடு ஓடும். நீர் குறைந்தால் உறுதி கூடும். ஆனால் மரத்தின் சர்க்கரைகள் அதில் மிஞ்சியிருந்தால் கான்கிரீட் இறுகுவது தாமதமாகும். அதனால் அவற்றை நொதிக்கவைத்து எத்தனாலாக்கி நீக்குவதுண்டு.

நார்வேயின் சார்ப்ஸ்போர்கில் உள்ள போரெகார்ட் நிறுவனம் 1962 முதல் இதே லிக்னினைக் காரநீரில் ஆக்சிஜனேற்றம் செய்து வெனிலின் எடுக்கிறது. வெனிலா ஐஸ்கிரீமில் மணப்பது வெனிலின்தான்.

அங்கே பயன்படுவது ஸ்ப்ரூஸ் மரம் என்பதை மறக்கக்கூடாது. தமிழ்நாட்டு ஆலைகளில் வேகும் யூகலிப்டஸ், சவுக்கின் லிக்னின் வேறுவகை. அதன் வளையங்கள் பலவற்றில் இரண்டு மெத்தாக்சி தொகுதிகள் உட்கார்ந்திருக்கும். ஆக்சிஜனேற்றினால் வெனிலினோடு சிரிங்கால்டிஹைடும் கலந்து வரும். பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிளைவுட் பசையில் பீனாலுக்குப் பதிலாக இந்த லிக்னினைச் சேர்க்கலாம் என்றாலும், ஃபார்மால்டிஹைடு பிணைய வேண்டிய இடங்களை அந்த மெத்தாக்சிகள் அடைத்துக்கொள்கின்றன. ஆகவே அமிலச் சூழலில் லிக்னினோடு முதலில் பீனாலை இணைத்துப் புதிய இடங்களை உண்டாக்கி, அதன் பிறகே ஃபார்மால்டிஹைடைச் சேர்க்கிறார்கள்.