ஃபீனிக்ஸ் பே: போலீஸ் கண்காணிப்புக்குக் கடிவாளம் யார் கையில்?

புது தில்லி: அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்பு போர்ட் பிளேர்) ஃபீனிக்ஸ் பே படகுத்துறை, தீவுகளுக்கு இடையே பயணிப்போரின் நுழைவாயில். அங்கு வந்து செல்வோரைப் போலீஸார் எந்தக் கருவியால், எந்த அளவுக்குக் கண்காணிக்கலாம் என்பதை வரையறுக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்தையே சாரும்.

காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால், அந்தமான் நிகோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. எனவே, அரசியல் சாசனத்தின் 246(4)-வது பிரிவின்படி, மாநிலப் பட்டியல் விவகாரங்களிலும் நாடாளுமன்றமே சட்டம் இயற்றலாம். தமிழர்கள் கணிசமாக வாழும் இத்தீவுகளுக்கு மக்களவையில் ஒரே உறுப்பினர்; மாநிலங்களவையில் இடமே இல்லை.

கண்காணிப்பின் தேவையை மறுப்பதற்கில்லை. 2024 நவம்பரில் பாரன் தீவு அருகே மியான்மர் படகு ஒன்றில் சுமார் 6 டன் மெத்தாம்பெட்டமைன் போதைப் பொருளைக் கடலோரக் காவல் படை கைப்பற்றியது. அதில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவியும் சிக்கியதால், அந்தமான் போலீஸார் அந்நிறுவனத்திடம் விவரம் கோரினர்.

ஆனால், கடலில் சந்தேகத்துக்குரிய படகைக் கவனிப்பது வேறு. துறையில் நிற்கும் ஒவ்வொருவரின் முகத்தையும் குற்றவாளிகளின் படங்களோடு ஒப்பிடுவது வேறு. அத்தகைய முகமறி மென்பொருளைத் தில்லி, தெலங்கானா, தமிழகப் போலீஸார் ஏற்கெனவே பயன்படுத்தி வருகின்றனர். சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடி கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு, தீவுகளுக்கும் அது எட்டாத தொழில்நுட்பம் அல்ல.

தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் நிலையில் உத்தரவு வேண்டும். அதை ஆய்வு செய்யக் குழுவும் உண்டு. முகமறி மென்பொருளுக்கோ அத்தகைய தனிச் சட்டம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றும், அதில் தலையிடச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது.

அதன் பின் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் போலீஸாரின் கரத்தையே வலுப்படுத்தின. கைதானோரின் கருவிழிப் பதிவு உள்ளிட்ட அடையாளங்களை 75 ஆண்டுகள் வரை சேமிக்க 2022-ஆம் ஆண்டு சட்டம் வழிவகுத்தது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத் தடுப்பு, புலனாய்வுப் பணிகளுக்குப் பெருமளவு விலக்களித்தது.

சேகரித்த தகவல் பத்திரமாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. தமிழக காவல் துறை 2021-இல் தொடங்கிய முகமறி மென்பொருள் தளத்தில் 2024 மே மாதம் ஊடுருவல் நிகழ்ந்தது. காவல் துறையின் பாதுகாப்பில் இருந்த தகவலுக்கே இந்த நிலை.

அமெரிக்காவின் சாண்டா கிளாரா கவுன்டி 2016-இல் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கு போலீஸார் கண்காணிப்புக் கருவி வாங்கும் முன் மக்கள் பிரதிநிதிகள் அவையின் ஒப்புதலைப் பெற வேண்டும்; அதன் பயன்பாடு குறித்து ஆண்டுதோறும் அறிக்கையும் தர வேண்டும்.

அந்தமானுக்கு அத்தகைய அவை நாடாளுமன்றமே. எந்தக் கருவி, யாருடைய உத்தரவு, எத்தனை நாள் சேமிப்பு என்பதைச் சட்டமாக்கி, ஆண்டறிக்கையை இரு அவைகளிலும் வைக்கச் செய்யலாம். ஒரே உறுப்பினரைக் கொண்ட தீவுகளுக்காக மற்ற உறுப்பினர்கள், குறிப்பாகத் தமிழக எம்.பி.க்கள், குரல் கொடுப்பார்களா?