மீண்டு வந்தவரை விலக்கலாமா?

2014இல் மேற்கு ஆபிரிக்க நாடான லைபீரியாவில் எபோலா கொடுநோய் பரவியது. தாதி உதவியாளர் சலோமி கார்வா தாயையும் தந்தையையும் அதற்குப் பறிகொடுத்தார். தாமும் நோயுற்றுப் பிழைத்தார். உடல் தேறியதும், தம்மைக் காப்பாற்றிய சிகிச்சை நிலையத்துக்கே பணிக்குத் திரும்பினார். நோயிலிருந்து மீண்டவரின் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. ஆகவே மற்றவர்கள் அஞ்சிய நோயாளருக்கு அவர் அருகிருந்து உணவூட்டினார், ஆறுதல் கூறினார்.

2017இல் அவர் பிள்ளைப்பேற்றின் பின் சுகவீனமுற்று இறந்தார். எபோலா வந்தவர் என்பதால் வைத்தியசாலையில் அவரைத் தொடவே தயங்கினர் எனக் குடும்பத்தார் கூறினர்.

இவ்வாறு ஒதுக்கும் பழக்கம் எம்மிடையேயும் உண்டு. கசநோய்க்கு ஒழுங்காக மருந்தெடுத்து, வைத்தியரும் வேலைக்குப் போகலாம் என்ற பின், ஒருவரைக் கிணற்றடியிலும் வயலிலும் நாம் விலக்கி வைக்கலாமா?