விரல் ரேகை தேய்ந்தாலும் பென்ஷன் நிற்காது

நவம்பர் பிறந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு ஒரு கவலை. உயிரோடிருப்பதற்குச் சான்றாக வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். தராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். 80 வயதை எட்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம்.

2014-இல் 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு வாழ்நாள் சான்றிதழ் வந்தபின் வங்கி வரிசை குறைந்தது. ஆதாரும் விரல் ரேகையும் போதும் என்றானது. ஆனால் ஆலையிலும் அடுப்படியிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் பல நேரம் ஏற்பதில்லை. ஆயுள் முழுக்க உழைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேதனை! 2021-இல் அறிமுகமான முகப் பதிவு அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. ஆண்ட்ராய்டு போனின் கேமரா முன் கண் சிமிட்டினால் வேலை முடிந்தது.

போன் இல்லையா? தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார். கட்டணம் 70 ரூபாய்.

வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்களுக்கு நவம்பர் கெடு இல்லை. எந்த மாதம் கொடுத்தாலும் 12 மாதங்களுக்குச் செல்லும். சான்றிதழ் பெயரைச் சொல்லி யார் போனில் ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லாதீர்கள்.