மின்னிரைச்சலை அடக்குவோம்

கையடக்க இதய மின்னலைப் பதிவுக் கருவி, நெஞ்சின் மேற்பரப்பில் தோன்றும் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் சமிக்ஞையை அளக்கிறது. அதே மின்சுற்றுப் பலகையில்தான் அதன் நிலைமாற்று மின்வழங்கியும் அமைந்துள்ளது. இது மின்கலத்தின் மின்னோட்டத்தை வினாடிக்குப் பல இலட்சம் முறை இணைத்துத் துண்டிக்கிறது. இதனால் ஆற்றல் விரயம் குறைகிறது. ஆயினும், ஒவ்வொரு முறையும் மின்னிரைச்சல், அதாவது தேவையற்ற மின்னழுத்த ஏற்ற இறக்கம் உண்டாகிறது. பல மில்லிவோல்ட் அளவுள்ள இவ்விரைச்சல் இதயத்தின் சமிக்ஞையோடு கலந்தால், மருத்துவர் பார்க்கும் பதிவு பிழையாகிவிடும்.

இதனை எவ்வாறு தவிர்க்கலாம்? முதலாவதாக, இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும். உள்ளீட்டு மின்தேக்கியை மின்வழங்கிக்கு மிக அருகில் பொருத்தினால், விரைந்து மாறும் மின்னோட்டத்தின் சுற்றுப்பாதை சிறிதாகும். பாதை சிறுத்தால் இரைச்சலும் குறையும். இரண்டாவதாக, சமிக்ஞையை அளக்கும் பகுதியை மின்வழங்கியிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும். அப்பகுதிக்குச் செல்லும் மின்சாரத்தை வடிகட்டி வழியாக அனுப்புவதும் நன்று. மூன்றாவதாக, பலகையின் உள்ளடுக்கில் வெட்டுப்படாத செப்புத் தளம் இருந்தால், மின்னோட்டம் சுற்றி வளையாமல் திரும்பும்.

பலகையை உருவாக்கிய பின்னர்ப் பாகங்களை இடம் மாற்றுவது கடினம். எனவே, எந்தப் பாகம் எங்கு அமைய வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் வரைபட நிலையிலேயே முடிவு செய்கின்றனர்.