அரங்கும் அதிகாரமும் – 14: தகான்காவின் கம்பளித் திரை

சென்ற வாரப் பகுதி, இயக்குநர் மேயர்ஹோல்ட் 1939-இல் கைதானதோடு நின்றுபோன ஹாம்லெட் திட்டத்தையும், அவருக்காகவே போரிஸ் பாஸ்டர்நாக் செய்யத் தொடங்கிய ரஷ்ய மொழிபெயர்ப்பு 1940-இல் அச்சேறியதையும் விவரித்தது. அதே மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு, மாஸ்கோவின் தகான்கா நாடக அரங்கில் யூரி லியூபிமோவ் உருவாக்கிய ஹாம்லெட் 1971 நவம்பர் 29 அன்று மேடையேறியது. தலைமைப் பாத்திரத்தை ஏற்றவர் விளாதிமிர் விசோத்ஸ்கி. அப்போது அவருக்கு வயது 33. எட்டரை ஆண்டுகளில் இருநூறு முறைக்கு மேல் நடிக்கப்பட்ட பிறகும், அந்த நாடகத்தைப் பார்த்தவர்களைவிடப் பார்க்க ஏங்கிக் கிடைக்காமல் போனவர்களே பன்மடங்கு மிகுதி என்பதால், அதன் வரலாற்றை எழுதுபவர்கள் மேடையில் நடந்ததோடு நின்றுவிடாமல் சீட்டு விற்கும் சாளரத்துக்கு வெளியே நடந்ததையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

சோவியத் நாட்டில் நாடகச் சீட்டின் விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. எவ்வளவு பேர் கேட்டாலும் அது ஏறாது. விலை ஏறாத இடத்தில் வேறு ஏதாவது ஒன்று ஏறித்தான் ஆக வேண்டும். தகான்காவில் ஏறியது காத்திருப்பும் அறிமுகத்தின் மதிப்பும். சீட்டுகளில் ஒரு பகுதி அரசு நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஒதுக்கப்பட்டுவிட, எஞ்சியவற்றுக்காக மாணவர்கள் இரவு முழுவதும் வரிசையில் நின்றார்கள். தாங்களே பெயர்ப் பட்டியல் எழுதி, முறைவைத்துக் காவல் இருந்து, விடியும்வரை இடத்தைக் காத்துக்கொண்டார்கள். 'பிளாத்' எனப்பட்ட வழக்கம், அதாவது பணத்துக்குப் பதிலாக அறிமுகத்தையும் கைமாற்று உதவியையும் கொண்டு அரிய பொருளைப் பெறுவது, இறைச்சிக்கும் மருந்துக்கும் பொருந்தியதுபோலவே தகான்கா சீட்டுக்கும் பொருந்தியது. யாரும் வாங்காத நாடகங்களின் சீட்டுகளையும் சேர்த்து வாங்கினால்தான் விரும்பிய சீட்டு கிடைக்கும் என்ற விற்பனை முறையும் அந்நாட்களில் மாஸ்கோவில் இருந்தது. இத்தனைக்கும் பிறகு, விசோத்ஸ்கியின் பாடல்களை மனப்பாடமாக அறிந்த இளைஞர்கள் மெட்ரோ வாசலில் நின்று, மிகுதிச் சீட்டு உண்டா என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, செல்வாக்குள்ளவர்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள் என்பது இந்த நாடகத்தின் கதையில் மனத்தை உறுத்தும் பகுதி.

இவ்வளவு பசிக்குக் காரணம் என்ன? விசோத்ஸ்கியின் புகழ் என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம், ஆனால் அந்தப் புகழின் தன்மை வழக்கமானதன்று. அவர் எழுதிக் கித்தாருடன் பாடிய நூற்றுக்கணக்கான பாடல்களில் மிகச் சிலவே அரசின் இசைத்தட்டு நிறுவனமான மெலோதியா வழியாக வெளிவந்தன. கவிதைகள் அவர் உயிரோடிருந்தவரை அந்நாட்டில் நூலாகவில்லை. மற்றவை யாவும் 'மாக்னிதிஸ்தாத்' வழியாக, அதாவது வீட்டு ஒலிநாடாக் கருவிகளில் ஒருவர் பதிவிலிருந்து மற்றொருவர் படியெடுத்துப் பரப்பும் தணிக்கைக்கு அப்பாற்பட்ட முறையில், நாடெங்கும் சென்றன. நாடு முழுவதும் குரலை அறிந்திருந்தது. குரலுக்குரியவரைச் சட்டப்படியும் பகிரங்கமாகவும் காணக்கூடிய மிகச் சில இடங்களுள் தகான்காவின் மேடை ஒன்று.

பார்வையாளர்கள் உள்ளே வந்து இருக்கை தேடும்போதே அவர் அங்கே இருந்தார். மேடையின் பின்புறத்தில் வெள்ளையடித்த வெறுஞ்சுவர். அதன் அடியில் கறுப்புக் கம்பளிச் சட்டையுடன் ஒரு மனிதர் தரையில் அமர்ந்து, கித்தார் நரம்புகளை மெல்ல மீட்டிக்கொண்டிருப்பார். மணியடித்துத் திரை விலகி நாயகன் தோன்றும் மரபு கைவிடப்பட்டிருந்தது. பிறகு அவர் எழுந்து முன்னே வந்து, ஷேக்ஸ்பியரின் முதல் வரிக்கு முன்னதாக, பாஸ்டர்நாக்கின் 'ஹாம்லெட்' என்ற கவிதையைப் பாடுவார். மேடைக்குத் தனியே வந்து நிற்கும் ஒருவன், தன்மீது சுமத்தப்பட்ட விதியின் முடிவை முன்னறிந்தே அதை ஏற்பதைப் பேசும் அக்கவிதை, 'டாக்டர் ஷிவாகோ' நாவலின் இறுதியில் உள்ள கவிதைத் தொகுப்பின் முதற்கவிதை. அந்நாவல் 1957-இல் இத்தாலியில் வெளியானது. 1958-இல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டதும் பாஸ்டர்நாக் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டு, பரிசையும் மறுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். சோவியத் நாட்டில் நாவலுக்குத் தடை நீடித்தது. ஆக, தடைசெய்யப்பட்ட நூலின் கவிதையை, அரசு நடத்தும் அரங்கில், வானொலி ஒலிபரப்ப மறுத்த குரல் பாடியது. அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் அரங்கில் என்ன நிகழ்கிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள். எவரும் அதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேடையின் முன்விளிம்பில் உண்மையான மண் கொட்டப்பட்ட ஒரு புதைகுழி தொடக்கம் முதலே திறந்து கிடந்தது. வழக்கமாக ஐந்தாம் அங்கத்தில்தான் வெட்டியான்களும் குழியும் வருவார்கள். லியூபிமோவோ அரசவையும் காதலும் சூழ்ச்சியும் அந்தக் குழியின் கரையிலேயே நடக்கும்படி அமைத்தார். அதனால் விசோத்ஸ்கியின் ஹாம்லெட், முடிவெடுக்கத் தயங்கும் மென்மையான இளவரசனாக இல்லாமல், சாவு நிச்சயம் என்று தெரிந்தே செயலை நோக்கிச் செல்பவனாக ஆனான்.

எல்லாவற்றிலும் அதிகம் பேசப்பட்டது திரை. அரங்க வடிவமைப்பாளர் டேவிட் போரோவ்ஸ்கி, முரட்டுக் கம்பளியில் நெய்யப்பட்ட மிகப் பெரிய திரையொன்றை மேலேயுள்ள தண்டவாளங்களில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்கும் நகரவும், தன்னையே அச்சாகக் கொண்டு சுழலவும் செய்தார். ஒத்திகையொன்றில் அதைத் தாங்கிய கட்டமைப்பு சரிந்து நடிகர்கள்மேல் விழுந்தது; அதன் பிறகும் லியூபிமோவ் அதைக் கைவிடவில்லை, கட்டமைப்பு புதிதாகச் செய்யப்பட்டது. அந்தத் திரை ஒருவருக்கு ஒளிவிடம், ஒருவருக்கு ஊஞ்சல், பொலோனியஸுக்கோ உயிர் போகும் இடம். அது நகரும்போது எதிர்ப்பட்டவர் அரசராயினும் காவலராயினும் ஒதுங்கினார் அல்லது தள்ளப்பட்டார். அதை விதி என்றனர் சிலர், காலம் என்றனர் சிலர், அரசு இயந்திரம் என்றனர் வேறு சிலர். இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளுவது அந்தத் திரையைச் சிறுமைப்படுத்துவதாகும். முகமோ பெயரோ காரணமோ இல்லாமல் மனிதரைத் துடைத்துச் செல்லும் ஒன்று என்பதே அதன் அச்சம்.

தகான்காவின் ஈர்ப்பு முழுவதும் அரசியல் மறைபொருளால் வந்தது, சுதந்திரமான நாட்டில் அதற்கு மதிப்பிருக்காது என்று கருதுவோர் உண்டு. ஆனால் 1976-இல் பெல்கிரேடின் பிதெஃப் நாடக விழா இந்தத் தயாரிப்புக்கே உயர்ந்த பரிசை அளித்தது. 1977-இல் பாரிஸிலும் அது நடிக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட கவிதையின் ஆபத்தை அங்கே பலர் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. குழியும் திரையும் அந்த முரட்டுக் குரலும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

1980 ஜூலை 18 அன்று, ஒலிம்பிக் விளையாட்டுகள் மாஸ்கோவில் தொடங்குவதற்கு முந்தைய நாள், விசோத்ஸ்கி கடைசி முறையாக ஹாம்லெட்டாக நடித்தார். ஜூலை 25 அதிகாலையில் இறந்தார். 27-ஆம் தேதி நடக்கவிருந்த காட்சி ரத்தானது. விற்ற சீட்டுகளுக்கு எவரும் பணம் திரும்பக் கேட்கவில்லை என்ற செய்தி அரங்கத்தாரிடையே இன்றுவரை சொல்லப்படுகிறது. நாளேடுகள் பெரும்பாலும் மௌனம் காத்தபோதும், 28-ஆம் தேதி இறுதி ஊர்வலத்துக்குத் தகான்கா சதுக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர்.

வேறொரு நடிகரை அந்த இடத்தில் நிறுத்த லியூபிமோவ் முற்படவில்லை. தயாரிப்பு மேடையிலிருந்து எடுக்கப்பட்டது. அதை முழுமையாகப் படம்பிடித்து வைத்தவர் இல்லை. சில நிமிடத் துண்டுகள், ஒலிப்பதிவுகள், நிழற்படங்கள், கெர்ட்ரூடாக நடித்த அல்லா தெமிதோவாவும் கிளாடியஸாக நடித்த வெனியமின் ஸ்மேகோவும் எழுதிய நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டே இன்றைய ஆய்வாளர்கள் அதைக் கட்டியெழுப்புகிறார்கள். ஒலிப்பதிவில் குரல் கிடைக்கிறது, திரை கிடைப்பதில்லை. இது ஈடுசெய்ய முடியாத இழப்பு. விசோத்ஸ்கியின் நினைவாக, ஹாம்லெட் காட்சிகளையும் அவருடைய பாடல்களையும் இணைத்து 1981-இல் லியூபிமோவ் உருவாக்கிய நாடகத்தை அதிகாரிகள் தடைசெய்தனர். 1984-இல், அவர் வெளிநாட்டில் இருந்தபோது, குடியுரிமையும் பறிக்கப்பட்டது. அந்த நினைவு நாடகம் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1988-இல். 'டாக்டர் ஷிவாகோ' மாஸ்கோவில் முதன்முறையாக அச்சானதும் அதே ஆண்டில்தான்.