சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் மருந்து ஆராய்ச்சிக்கு உதவுமா? கரன்ட் பில் முதல் ஆபீஸ் லேப்டாப் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

2020 மார்ச் மாதம். கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் முடங்கிய நேரம். அமெரிக்காவிலிருந்து இயங்கும் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்ற ஆராய்ச்சித் திட்டத்துக்கு வித்தியாசமான ஒரு சிக்கல் வந்தது. உதவ வந்தவர்களின் கூட்டம் அதிகமாகி, அவர்களுக்குக் கொடுக்க வேலை இல்லாமல் போய்விட்டது!

வந்தவர்கள் யாரும் பணம் தரவில்லை. வீட்டில் சும்மா இருந்த கம்ப்யூட்டரின் நேரத்தைத்தான் தந்தார்கள். அந்த மாத இறுதியில் இந்தக் கம்ப்யூட்டர்களின் மொத்த வேகம் ‘எக்ஸாஃப்ளாப்’ அளவைத் தாண்டியது. அதாவது, ஒரு வினாடிக்கு 10 லட்சம் லட்சம் கோடி கணக்குகள். தனி ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இந்த வேகத்தைத் தொட்டதாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது 2022-ல்தான்.

நம்ம வீட்டு கம்ப்யூட்டரையும் இப்படிக் கொடுக்கலாமா? செலவு எவ்வளவு? உண்மையிலேயே பயன் இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இது எப்படி வேலை செய்கிறது?

கல்யாண வீட்டில் நூறு கிலோ வெங்காயத்தை ஒரே ஆள் உரித்தால் விடிந்துவிடும். ஆளுக்கு ஒரு கிலோ கொடுத்தால் அரை மணி நேர வேலை. இங்கும் அதே கதைதான்.

ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய கணக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்த சாஃப்ட்வேர் இன்டர்நெட் வழியாக ஒரு துண்டை வாங்கிக்கொள்ளும். கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். பிறகு அடுத்த துண்டு. ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் அதற்குள் முடிக்காவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

இந்த யோசனையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ‘செட்டி அட் ஹோம்’. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999-ல் தொடங்கிய இந்தத் திட்டம், ரேடியோ தொலைநோக்கித் தரவுகளில் வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னலைத் தேடியது. 2000-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், அதே வழியை நோய் ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தது.

நோய்க்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?

நம் உடலின் பெரும்பாலான வேலைகளைச் செய்பவை புரதங்கள். நூல் போன்ற ஒரு புரதச் சங்கிலி சரியான வடிவத்தில் மடிந்தால்தான் அதன் வேலை நடக்கும். அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களில் புரதங்கள் தப்பாக மடிந்து திரள்வதைப் பார்க்க முடிகிறது.

மடிந்த பிறகும் புரதம் சும்மா இருக்காது. அசையும், திறக்கும், மூடும். மருந்து போய் ஒட்டக்கூடிய இடுக்கு, சில சமயம் கண நேரம் மட்டுமே திறக்கும். அதைப் பிடிக்க ஒவ்வொரு அணுவின் அசைவையும் கணக்கிட வேண்டும். ஒரு வினாடியை ஆயிரம் லட்சம் கோடித் துண்டுகளாக வெட்டினால், அதில் சில துண்டுகள்தான் கணக்கின் ஒவ்வொரு அடியும். அதனால்தான் ஒரே கம்ப்யூட்டரால் இது ஆகிற காரியம் இல்லை.

உருப்படியாக ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. கொரோனா வைரஸின் புரதங்கள் எப்படி அசைகின்றன என்பதை, மொத்தமாக 0.1 வினாடி நேரத்துக்கு ஃபோல்டிங் அட் ஹோம் கணக்கிட்டது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்தத் துறையில் அது மலை அளவு. வைரஸின் ஸ்பைக் புரதம், அதுவரை எடுத்த படங்களில் தெரிந்ததைவிட மிக அகலமாகத் திறக்கிறது என்பதும், மறைந்திருக்கும் 50-க்கும் மேற்பட்ட இடுக்குகளும் தெரியவந்தன. 2021-ல் ‘நேச்சர் கெமிஸ்ட்ரி’ இதழில் இது வெளியானது.

வானியலிலும் ஓர் உதாரணம் உண்டு. ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்தில் அமெரிக்காவின் அயோவாவில் வசித்த ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த இன்னொருவரின் கம்ப்யூட்டரும் சேர்ந்து புதிய பல்சர் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்தன. 2010-ல் அறிவிக்கப்பட்ட இந்தக் கண்டுபிடிப்பில் மூவருக்கும் பெயர் கிடைத்தது.

ஆனால், ‘இன்று ராத்திரி கம்ப்யூட்டரை ஓடவிட்டால் நாளைக்கு மருந்து ரெடி’ என்று நினைக்க வேண்டாம். இது அடிப்படை ஆராய்ச்சி. இங்கே கிடைக்கும் துப்பு, ஆய்வகச் சோதனை, மனிதர்களிடம் சோதனை என்று பல வருடங்கள் பயணப்பட்ட பிறகுதான் மருந்தாகும். பல துப்புகள் பாதியிலேயே நின்றும்விடும்.

அதான் ஏஐ வந்துவிட்டதே?

நியாயமான கேள்வி. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ‘ஆல்ஃபாஃபோல்டு’ ஏஐ-க்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பரிசின் மறுபாதியைப் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகம்தான் ‘ரொசெட்டா அட் ஹோம்’ என்ற தன்னார்வத் திட்டத்தை நடத்துகிறது.

ஆல்ஃபாஃபோல்டு பெரும்பாலும் தருவது ஒரு ஃபோட்டோ என்றால், ஃபோல்டிங் அட் ஹோம் எடுப்பது வீடியோ. அசைவைப் பார்க்க வீடியோ இன்னும் தேவைப்படுகிறது.

கரன்ட் பில் எகிறுமா?

பலரும் சொல்லாமல் விடும் விஷயம் இது. ‘சும்மா இருக்கும் சக்தி’ என்றாலும் அது இலவசம் இல்லை. சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் குறைவாகத்தான் கரன்ட் எடுக்கும். முழு மூச்சாகக் கணக்குப் போட ஆரம்பித்தால் அதிகம் இழுக்கும், சூடாகும், ஃபேன் கத்தும்.

உதாரணமாக, கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் பிசி கூடுதலாக 200 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். இரண்டு மாதத்தில் 96 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்றே கிட்டத்தட்டத் தின்றுவிடும். கூடுதலாக 30 வாட் எடுக்கும் லேப்டாப் என்றால் அதே கணக்கில் சுமார் 14 யூனிட்தான்.

ஆக, இதுவும் ஒரு நன்கொடை. மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பழைய டெஸ்க்டாப்பை இதற்காகவே இரவெல்லாம் ஓடவிடுவதில் லாபம் குறைவு: கரன்ட் அதிகம் போகும், கணக்கு கொஞ்சம்தான் நடக்கும். எப்படியும் ஆன் ஆகியிருக்கும் நேரத்தில் மட்டும் ஓடவிடுவது புத்திசாலித்தனம்.

ஆபீஸ் லேப்டாப்பில் போடலாமா?

அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர்களைப் பராமரித்த ஊழியர் இதுபோன்ற சாஃப்ட்வேரை அவற்றில் போட்டுவிட்டார். அவர்மீது கிரிமினல் வழக்கே பாய்ந்தது. 2002-ல் அபராதம், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றோடு முடிந்தது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் மெஷினும் கரன்ட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

* நோய் ஆராய்ச்சிக்கு என்றால் ஃபோல்டிங் அட் ஹோம். புற்றுநோய், அல்சைமர் என்று எதற்கு முன்னுரிமை என்பதையும் தேர்வு செய்யலாம். பல துறைகளில் உதவ வேண்டும் என்றால் பெர்க்லி உருவாக்கிய ‘பாயிங்க்’ சாஃப்ட்வேர்.
* திட்டத்தின் சொந்த வெப்சைட்டில் இருந்து மட்டுமே டவுன்லோடு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட வேண்டாம்.
* கம்ப்யூட்டரை நீங்கள் பயன்படுத்தாதபோது மட்டும் இயங்கும்படி செட்டிங்ஸை மாற்றுங்கள். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஓடவிடாதீர்கள்.
* ஆண்ட்ராய்டு போனிலும் பாயிங்க் இயங்கும். சார்ஜில் இருந்து, வைஃபை கிடைத்து, பேட்டரி 90 சதவீதத்தைத் தாண்டினால் மட்டுமே ஓடும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது.
* செய்த வேலைக்குப் பாயின்ட்ஸ் கிடைக்கும். அது பெருமைக்குத்தான், பணமாகாது. ‘கம்ப்யூட்டரைக் கொடுங்கள், தினமும் வருமானம்’ என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

முதல் இரண்டு மாதம் ஓடவிட்டுப் பாருங்கள். பில் வந்ததும் கட்டுப்படியாகிறதா என்று பார்த்துத் தொடரலாம். கட்டுப்படியாகவில்லை என்றால் நிறுத்திவிடலாம். அதுவரை உங்கள் கம்ப்யூட்டர் முடித்துக்கொடுத்த துண்டுகள் வீணாகாது. அந்த இடத்திலிருந்து இன்னொருவரின் கம்ப்யூட்டர் கணக்கைத் தொடரும்.